தோலுரித்தவன் பேர்

காரைக்காலின் வடக்கு எல்லையில் இருக்கிறது எங்கள் பூவம். நண்டலாற்றைத் தாண்டி வடக்கே போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் ஆண்ட ஊர். அதன் கோட்டையைப் பற்றியும் அச்சுக்கூடத்தைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. நான் பேச வந்தது அங்கிருந்து கப்பலேறிய மீன்களைப் பற்றி.

1771இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரி கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், இந்தப் பக்கத்து மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மருத்துவர் மார்க்குஸ் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். பிளாக் அவற்றுக்கு லத்தீன் பெயர் சூட்டினார். நாம் கத்தாளை என்கிற மீனினத்துக்கு 1793இல் 'ஜானியஸ்' என்று பாதிரியின் பெயரே வந்தது. அதில் ஒரு வகை 'ஜானியஸ் கருட்டா'. வேறொன்றுமில்லை, நம்ம கறுத்த கத்தாளைதான். மீன்காரன் வாயிலிருந்து வந்த சொல் லத்தீனாகிவிட்டது. சொன்னவன் பேர் அதில் இல்லை.

மீன் ஐரோப்பா போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் இரண்டு வழி. ஒன்று, சாராயத்தில் ஊறப்போடுவது. இன்னொன்று, ஒரு பக்கமாக அறுத்து, சதையை வழித்து, செதில் உதிராமல், துடுப்பு கிழியாமல் தோலை மட்டும் எடுத்துக் காயவைப்பது. பிளாக்கின் சேகரிப்பில் இரண்டு வகையும் இருந்தன. மிஞ்சியவை இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. மீனைக் கீறி, குடல் எடுத்து, உப்புத் தடவி வெயிலில் போடுகிற வேலை நம் பெண்களுக்குப் புதிதா? அதைக் கருவாடு என்போம், நாறுது என்று மூக்கைப் பொத்துவார்கள். பெர்லின் போனால் அது விஞ்ஞானம்.

வாய்க்காலில் நாம் பிடிக்கிற பனையேறிக் கெண்டைக்கும் இதே கதி. அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டேனிஷ் படை அதிகாரி டால்டார்ஃப் எழுதியது 1797இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் வந்தது. அவர் வைத்த லத்தீன் பெயருக்கு ஏறும் மீன் என்று பொருள். பனையேறி என்று பேர் வைத்தவன் அதை முதலிலேயே பார்த்துத்தானே வைத்திருப்பான்?

மீனை விட்டு வேட்டைக்கு வருவோம். 1900 வாக்கில் மைசூரில் வான் இஞ்சன் கம்பெனி தொடங்கியது. ராஜாக்களும் துரைகளும் சுட்ட புலியையும் சிறுத்தையையும் உயிரோடு நிற்கிறாற்போல் ஆக்கித் தந்த இடம். 43,000க்கும் அதிகமான புலி, சிறுத்தை உருவங்கள் அங்கே செய்யப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1999இல் கம்பெனி மூடப்பட்டது. நம் வெயிலில் செத்த மிருகத்தை உடனே உரித்து உப்புப் போடாவிட்டால் தோல் அழுகி முடி கழன்றுவிடும். அப்புறம் எந்தக் கலைஞனாலும் ஒன்றும் செய்ய முடியாது. சுட்டவன் காலைத் தூக்கிவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வான். ரத்தத்திலும் ஈயிலும் உட்கார்ந்து கத்தி பிடிப்பது கூலிக்காரன். பூச்சி அரிக்காமல் இருக்கப் பூசிய சோப்பில் இருந்தது ஆர்சனிக் விஷம். அதைத் தொட்டதும் கூலிக்காரன் கைதான். சுவரில் தொங்குகிற தலைக்குக் கீழே பலகையில் யார் பேர்? சுட்டவன் பேர்.

கடல் தாண்டியும் இதே கதைதான். 1826இல் எடின்பரோவில் மாணவனாக இருந்த டார்வினுக்குப் பறவையைத் தோலுரித்துப் பாடம்செய்யக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கறுப்பர். தென்னமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலையானவர். அந்த வித்தை டார்வினுக்குப் பிற்பாடு பீகிள் கப்பலில் உதவியது. டார்வின் தன் வரலாற்றில் அவரை நல்லவிதமாகவே நினைவுகூர்கிறார். ஆனால் பேரைச் சொல்லவில்லை. ஜான் எட்மன்ஸ்டன் என்ற பெயரை ஆய்வாளர்கள்தான் பின்னால் தேடி எடுத்தார்கள்.

எங்க தாத்தா காலத்தில் ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். தூக்க வேண்டும், உரிக்க வேண்டும். உரித்த கையைத் தீட்டு என்பார்கள், உரித்த தோலில் செருப்புப் போட்டு நடப்பார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதே நாட்டில் பழைய அரண்மனைகளின் கூடங்களில் புலித்தோல் கௌரவமாகத் தொங்குகிறது. ஆக, தோலிலும் தீட்டு இல்லை, ரத்தத்திலும் தீட்டு இல்லை. யார் கை என்பதில்தான் தீட்டை வைத்திருக்கிறார்கள்.

மாணவத் தோழர்கள் அருங்காட்சியகத்துக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற விலங்கோடு நிற்காமல் கீழே இருக்கிற அட்டையையும் படியுங்கள். யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். தோல் வேலை தெரிந்த பெரியவர்கள் உங்கள் சேரியில் இருந்தால் அவர்களிடம் போய் உட்காருங்கள். சுண்ணாம்பில் எத்தனை நாள் போட்டார்கள், ஆவாரம்பட்டை எவ்வளவு சேர்த்தார்கள், கத்தியை எப்படிச் சாய்த்தால் தோல் கிழியாது என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தொழிலுக்கு நம் பிள்ளைகள் திரும்பிப்போக வேண்டும் என்பதற்காக அல்ல. அது அறிவு, அதற்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்று பதிவாக வேண்டும். எழுதும்போது முதல் வரியில் அவர்கள் பேரைப் போடுங்கள்.