வாசிக்காமலே அறிதல்: அமெச்சூர் வானொலியில் அறியாத டிஜிட்டல் சிக்னல்களை அடையாளங்காணும் முறை குறித்து

அமெச்சூர் வானொலிப் பட்டைகளில் முன்பின் தெரியாத டிஜிட்டல் சிக்னல் ஒன்று கேட்டால் பெரும்பாலான ஹாம்கள் செய்வது ஒன்றுதான். எஃப்எல்டிஜி, மல்ட்டிபிஎஸ்கே போன்ற மென்பொருளைத் திறந்து, பண்பேற்ற முறைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். திரையில் எழுத்து ஓடத் தொடங்கியதும் விடை கிடைத்துவிட்டது என்று நிறுத்திக்கொள்வார்கள். சிக்னல் இன்னதென்று அடையாளங்காண்பதும், அதன் உள்ளடக்கத்தைக் குறிநீக்கம் செய்து வாசிப்பதும் ஒரே வேலை என்ற எண்ணம் இப்பழக்கத்தின் அடியில் இருக்கிறது. அவை இருவேறு வேலைகள். அவற்றுக்கு வேண்டிய சான்றுகளும் வேறு வேறு. பல நேரங்களில் முதலாவது, இரண்டாவதன் துணையில்லாமலே நிறைவேறிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எளிய எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். 30 மீட்டர் பட்டை 10100 முதல் 10150 கிலோஹெர்ட்ஸ் வரை விரிகிறது. அதன் கீழ் விளிம்பையொட்டி, 10100.8 கிலோஹெர்ட்ஸில், ஜெர்மனியின் வானிலைத் துறை பின்னெபெர்க் நிலையத்திலிருந்து டெலிடைப் முறையில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையை அனுப்புகிறது. டிடிகே9 என்பது அதன் அழைப்புக்குறி. அமெச்சூர் பட்டைக்குள் கேட்பதால் புதியவர்கள் இதை ஹாம்களின் டெலிடைப் என்றே நினைப்பார்கள். அல்லது அத்துமீறி நுழைந்த நிலையம் என்று புகார் எழுதக் கிளம்புவார்கள். இரண்டும் தவறு. அந்தப் பட்டையில் அமெச்சூர்கள் இரண்டாம் நிலை உரிமையாளர்களே.

ஹாம்களின் டெலிடைப்பில் இரு தொனிகளுக்கிடையே 170 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும், வேகம் 45.45 பாட். டிடிகே9இல் இடைவெளி 450 ஹெர்ட்ஸ், வேகம் 50 பாட். இடைவெளியை, சிக்னலின் அதிர்வெண்களைக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் கண்ணாலேயே அளந்துவிடலாம். வேகத்தில்தான் சிக்கல்: ஒரு பிட்டின் நீளம் 22 மில்லிநொடியா 20 மில்லிநொடியா என்பது காதுக்குப் பிடிபடாது. ஒருவர் இடைவெளியைச் சரியாக 450க்கு மாற்றிவிட்டு, வேகத்தை மட்டும் 45.45இலேயே விட்டுவிட்டார் என்று கொள்வோம். இரைச்சல் இல்லை, மென்பொருள் ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் தொட்டுப் படிக்கிறது, நிறுத்தப் பிட் ஒன்றரை மடங்கு நீளம். என்ன ஆகும்?

தொடக்கப் பிட்டைத் தொடர்ந்து ஐந்து தரவுப் பிட்கள் வருகின்றன. நான்காவது தரவுப் பிட்டை மென்பொருள் 99ஆவது மில்லிநொடியில் படிக்கிறது; அந்தப் பிட் 80 முதல் 100 வரை நீள்வதால் மயிரிழையில் தப்புகிறது. ஐந்தாவதை 121ஆவது மில்லிநொடியில் படிக்கிறது. அது 120இலேயே முடிந்துவிட்டது. ஆக, ஐந்தாவது பிட்டுக்குப் பதிலாக நிறுத்தப் பிட்டே படிக்கப்படுகிறது. நிறுத்தப் பிட்டோ எப்போதும் 1. முதல் நான்கு பிட்கள் சரி, ஐந்தாவது என்றென்றைக்கும் 1. நிலையம் சோதனைக்காக அனுப்பும் ‘ஆர்-ஒய்-ஆர்-ஒய்’ வரிசையில் ஆர் என்பது 01010. அது 01011 ஆகி ‘ஜி’யாக மாறுகிறது. ஒய் 10101 ஆதலால் மாறுவதில்லை. திரையில் ‘ஜி-ஒய்-ஜி-ஒய்’ என்று ஓடும். ‘சி-கியூ’ என்ற பொது அழைப்பு ‘வி-கியூ’ ஆகும். ‘டி-இ’ என்பது ‘பி-இஸட்’ ஆகும். சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடம்கூட ‘ஹெச்’ ஆகிவிடும்.

பார்ப்பவருக்கு இது ரகசியக் குறியீடாகத் தோன்றக்கூடும். ஆனால் இந்தப் பிழை ஒழுங்கான பிழை. ஐந்தாம் பிட் 0 ஆக உள்ள எழுத்து ஒன்றுகூடத் திரையில் தோன்றவில்லை என்பதைக் கவனித்தால், கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். பொருளில்லாத வாசிப்பும் அளவீடாகப் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. எழுத்து புரியவில்லை என்று அடுத்த முறைக்குத் தாவுகிறவர் இந்தத் தகவலை வீசியெறிகிறார்.

எழுத்து ‘புரிந்து’ விடும்போது ஏற்படும் ஆபத்து இதைவிடப் பெரிது. டெலிடைப்பின் ஐந்து பிட் குறியீட்டில் 32 சேர்க்கைகள் உண்டு. முப்பத்திரண்டுக்கும் ஏதாவது ஒரு பணி ஒதுக்கப்பட்டிருக்கிறது. எனவே வெறும் இரைச்சலை ஊட்டினாலும் அது எழுத்துகளைத் தந்துகொண்டே இருக்கும். தன்னைத் தானே மறுக்க வழியில்லாத குறியீடு இது. கப்பல்களுக்கு 518 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்பும் நேவ்டெக்ஸ் முறை அப்படியல்ல. நம் முட்டம், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்தும் ஒலிபரப்பாகும் இம்முறையில் ஓர் எழுத்துக்கு ஏழு பிட். அவற்றில் ஒருவகை நான்கும் மறுவகை மூன்றுமாக இருந்தே ஆகவேண்டும். 128 சேர்க்கைகளில் 35 மட்டுமே செல்லும். தற்செயலாக வரும் பத்து எழுத்துகளும் இந்த விதிக்கு அடங்க ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். இங்கே வாசிப்பு சான்றாகிறது. காரணம் எழுத்து அல்ல, எழுத்தைக் கட்டுப்படுத்தும் விதி.

இன்று பெரிதும் புழங்கும் எஃப்டி8 இந்த வகையில் மிக வலுவானது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட இம்முறையில் 77 பிட் செய்தியோடு 14 பிட் சரிபார்ப்பு எண்ணும் செல்கிறது. தவறான செய்தி அச்சோதனையைத் தாண்ட 16,384இல் ஒரு வாய்ப்பு. கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 நொடிக்கு ஒரு சுற்று வீதம் நாளொன்றுக்கு 5,760 சுற்றுகள். சுற்றுக்கு மூன்று போலி வேட்பாளர்கள் மட்டுமே அந்தச் சோதனை வரை வந்தாலும் நாளுக்கு ஒன்று தப்பித்துவிடும். அழைப்புக்குறிக்கான 28 பிட்டில் எந்தச் சேர்க்கையை எடுத்தாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டின் அழைப்புக்குறி போன்ற வடிவமே கிடைக்கும். அரிய தீவொன்றிலிருந்து ஒரே ஒரு முறை வந்து மறைந்த நிலையத்தைப் பதிவேட்டில் எழுதும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வது நல்லது.

வாசிக்கவே முடியாதவற்றுக்கு வருவோம். நேட்டோ படைகள் பயன்படுத்தும் ஸ்டானாக் 4285 முறையில் நொடிக்கு 2,400 குறிகள் செல்கின்றன. 256 குறிகள் ஒரு சட்டகம். ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பிலும் மாறாத 80 குறிகள் இருப்பதால், பதிவை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்த்தால் 106.67 மில்லிநொடிக்கு ஒருமுறை கூர்மையான முகடு எழும். உள்ளே இருப்பது மறையாக்கம் செய்யப்பட்டது. அதை யாரும் திறக்க வேண்டியதில்லை. அந்த முகடே போதும்.

விண்ணிலிருந்து வரும் சிக்னல்களில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஹாம் ஸ்காட் டில்லி, 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ரகசியச் செயற்கைக்கோளான ஸூமாவைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிக்கியது வேறொரு சிக்னல். அதன் டாப்ளர் பெயர்ச்சி வளைவை அறியப்பட்ட சுற்றுப்பாதைகளோடு ஒப்பிட்டு, அது நாசாவின் ‘இமேஜ்’ என்று கண்டார். 2000 மார்ச்சில் ஏவப்பட்டு 2005 டிசம்பரில் மௌனமாகி, இறந்ததாகக் கருதப்பட்ட கோள் அது. ஜனவரி 30 அன்று மேரிலாந்தில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் தொலையளவுத் தரவைப் பெற்று, கோளின் எண் 166 என்று உறுதிசெய்தது. வரிசையைக் கவனியுங்கள்: அடையாளம் முதலில், வாசிப்பு பிறகு. அந்தத் தரவை முழுமையாக வாசிக்க நாசாவே திணறியது. கோளை இயக்கிய காலத்துக் கணினிகளும் இயக்கு மென்பொருளும் அப்போது வழக்கொழிந்திருந்தன. உரிமையாளர் வாசிக்கத் தடுமாறியதை ஓர் அமெச்சூர் ஏற்கெனவே பெயர் சொல்லி அழைத்துவிட்டார்.

இது புதிய நெறியும் அல்ல. இங்கிலாந்தின் கெட்டரிங் இலக்கணப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்த ஜெஃப்ரி பெரி, 1966இல் சோவியத் காஸ்மாஸ் கோள்களின் சிக்னல்களைத் தம் மாணவர்களோடு பின்தொடர்ந்தார். அவை கடந்துபோகும் நேரங்களிலிருந்து, பைக்கனூர் அல்லாத இன்னொரு ஏவுதளம் இருந்தாக வேண்டும் என்று முடிவுகட்டினார். அதுதான் பிளெசெட்ஸ்க்.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஒலிவியா, கான்டெஸ்டியா என்ற இரு முறைகளும் ஒரே எண்ணிக்கையிலான தொனிகளை ஒரே இடைவெளியில் ஒரே வேகத்தில் அனுப்ப முடியும். வாட்டர்ஃபாலில் அவற்றைப் பிரித்தறிய இயலாது. வேறுபாடு குறியீட்டு அடுக்கில்தான் இருக்கிறது. இங்கே புற அளவுகள் கைவிரிக்கின்றன, வாசித்தே தீர்மானிக்க வேண்டும். இதற்குத்தான் பிரான்ஸைச் சேர்ந்த பேட்ரிக் லிண்டெக்கர் ஆர்எஸ்ஐடி என்ற முறையை உருவாக்கினார்: செய்தி தொடங்கும் முன் 16 தொனிகளைக் கொண்டு சுமார் 1.4 நொடியில் ‘நான் இன்ன முறை’ என்று சிக்னலே அறிவித்துவிடும். அறிவிப்பும் ஒரு கூற்றுதான், சான்றல்ல என்று வாதிடலாம். என்றாலும் உடனே வாசித்துச் சரிபார்க்கத்தக்க கூற்று.

சட்டமும் இந்த இரண்டு வேலைகளைப் பிரித்தே பார்க்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) வானொலி ஒழுங்குமுறைகளின் 25ஆம் பிரிவு, வெவ்வேறு நாட்டு அமெச்சூர்களுக்கிடையே பொருளை மறைக்கும் நோக்கிலான குறியாக்கத்தை விலக்குகிறது. செயற்கைக்கோள் கட்டளைகளுக்கு மட்டுமே விதிவிலக்கு. 17ஆம் பிரிவோ, பொதுமக்களுக்கானதல்லாத தகவல் தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பதையும் அதன் உள்ளடக்கத்தை வெளியிடுவதையும் தடுக்குமாறு அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. அமெச்சூர் சிக்னலாக இருந்தால் எவரும் வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். பிறருடையதாக இருந்தால் வாசிக்கக் கூடாமலும் போகலாம். எந்த வகை என்று தெரிவதற்கு முன்பே குறிநீக்கத்தில் இறங்குவது முறையியல் பிழை மட்டுமல்ல.

இதே அளவுகோலை நம்மவர்கள் மீதும் வைக்க வேண்டும். முழு விவரமும் வெளியிடப்படாத மோடம்களை அமெச்சூர் பட்டைகளில் இயக்குவோர், மறைப்பது தங்கள் நோக்கமல்ல என்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். கண்காணிப்பவர் நோக்கத்தை அளக்க முடியாது, விளைவையே அளக்க முடியும். பண்புகள் பொதுவில் ஆவணப்படுத்தப்பட்ட முறைகளையே அமெரிக்க விதி அனுமதிப்பது, என் பார்வையில், மற்ற நாடுகளும் பின்பற்றத்தக்கது.

கண்காணிப்பு அறிக்கை எழுதும் ஹாம்களிடம் ஒரு வேண்டுகோள். அதிர்வெண், உலகப் பொது நேரம், தொனி இடைவெளி, பாட் வேகம், சட்டக நீளம் ஆகியவற்றை ஒரு பத்தியிலும், இன்ன முறை, இன்ன நிலையம் என்ற ஊகத்தை வேறொரு பத்தியிலும் எழுதுங்கள். மூல ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். ஊகம் தவறிப்போனாலும் அளவுகளை வைத்து அடுத்தவர் வேலையைத் தொடரலாம். மென்பொருள் காட்டிய பெயர் மட்டும் இருந்தால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது.