பிலிம் ஒளிப்படக்கலை: கல்வராயன் மலையில் தொடங்குவோருக்கு

பிலிம் ஒளிப்படக்கலை என்பது வெள்ளி உப்புகள் பூசிய சுருளில் ஒளியைப் பதித்து, அதை வேதிக் கரைசலில் கழுவிப் படமாக்கும் முறை. டிஜிட்டல் கேமரா வந்தபின் ஒதுங்கிப்போன இது, அண்மைக் காலத்தில் இளைஞர்களிடம் மறுபடியும் புழங்குகிறது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையும் இக்கட்டுரையின் களம். களத்தை விட்டுவிட்டு பிலிமைக் கற்பிப்பது வீண்வேலை. வெயிலும் தண்ணீரும் ஊருக்கு ஊர் மாறும். பிலிம் அவை இரண்டுக்கும் கட்டுப்பட்டது.

முன்னோடிகள்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், 1857-58இல் காகித நெகட்டிவ்களோடு தென்னிந்தியாவைச் சுற்றினார். இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் காட்டும் தொகுப்பு அந்தப் பயணத்தில் உருவானது. தமிழ்நாடு தன் சுருளைத் தானே தயாரித்த காலமும் உண்டு. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைச் சுருளும் எக்ஸ்-ரே பிலிமும் விற்றது. 2014இல் மத்திய அரசு அதை மூட முடிவெடுத்தது. இன்று நாம் வாங்கும் சுருள் வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அப்படித்தான்.

விலையுயர்ந்த கேமரா இல்லையே என்று தயங்குவோர் மா. கிருஷ்ணனை (1912–1996) நினைத்துக்கொள்ளலாம். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து ஒட்டுப்போட்ட கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து, காட்டு யானைகளைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தவர் அவர்.

கேமராவும் சுருளும்

பழைய கேமராவில் மின்கலம் இல்லாமலும் ஷட்டர் இயங்குவது நல்லது. 1976 முதல் 1997 வரை வந்த பென்டாக்ஸ் கே1000 அவ்வகை. அதில் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்மூடியின் ஓரத்துப் பஞ்சு நம் ஊர்ச் சூட்டில் பிசுபிசுத்துப் போயிருக்கும். அதை மாற்றாவிட்டால் ஒளி கசியும்.

சுருள் 35 மி.மீ., ஐஎஸ்ஓ 400, கறுப்பு-வெள்ளையாக இருக்கட்டும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் சில சுருள்களுக்கு அதை மாற்றாமலிருப்பது நலம். சுருளுக்குச் சுருள் பிராண்டை மாற்றுகிறவருக்குப் பிழை தம்முடையதா, பிலிமுடையதா என்பது கடைசிவரை தெரியாது.

மலையின் ஒளி

கச்சிராயபாளையம் கடந்து கோமுகி அணைப் பக்கம் நண்பகலில் நின்றால் கணக்கு எளிது. நல்ல வெயிலில் துளை எஃப்/16. ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கியது, அதாவது 400க்கு 1/500 நொடி. மலையேறி வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் போனதும் இந்தக் கணக்கு உதவாது. அடர்ந்த மர நிழலில் அதே சுருளுக்கு எஃப்/4, 1/60 வரை இறங்க நேரிடும். வெயிலுக்கும் அந்த நிழலுக்கும் ஏழு படி (ஸ்டாப்; ஒரு படி என்பது ஒளியின் இரு மடங்கு) வித்தியாசம். ஒரே சட்டத்துக்குள் இரண்டையும் அடக்க ஆசைப்படுவதுதான் புதியவர்களின் பொதுவான தவறு. நெகட்டிவ் சுருள் ஒளி மிகுவதைத் தாங்கும், குறைவதைத் தாங்காது. ஆகவே நிழலுக்கு அளவெடுக்க வேண்டும்.

ஒளிமானி காண்பதையெல்லாம் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டிக்காரரை முழுதாகச் சட்டத்தில் வைத்தால் வேட்டி அழுக்காகும், முகம் இருண்டுபோகும். முகத்தருகே போய் அளந்துவிட்டுப் பின்வாங்கலாம். வானத்தில் மேகம் தெரிய மஞ்சள் வடிகட்டி போதும். அதற்காக ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். இம்மலையிலுள்ள 'மேகம்' என்ற அருவியின் நீர் பஞ்சாக விழ வேண்டுமானால் முக்காலியும் 1/8 நொடியும் தேவை.

மலைக் காட்சியைவிடப் பயிற்சிக்கு ஏற்றது மரச்சிற்பப் பட்டறை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. வாசல் வழியே ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி வரும் இடத்தில், பாதி செதுக்கிய உருவத்தின் மேடு பள்ளங்கள் ஒளி-நிழலைத் தாமே கற்றுத்தரும்.

மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுவோர். கேட்டுவிட்டு எடுப்பதில் மொழித் தடை என்ற சாக்கு செல்லாது. பிலிமில் எடுத்த படத்தை அங்கேயே திருப்பிக் காட்ட வழியில்லை. பிரிண்ட் போட்டு மறுமுறை கொண்டுபோய்க் கொடுப்பதே முறை.

கழுவுதல்

வண்ணச் சுருளை சென்னை போன்ற பெருநகர லேபுக்குக் கூரியரில் அனுப்புவது சிறுநகரங்களில் வழக்கம். கறுப்பு-வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். இருட்டறை தேவையில்லை, ஒளி புகாத பைக்குள் கைவிட்டுச் சுருளை டேங்கில் ஏற்றினால் போதும். பிறகு டெவலப்பர், நிறுத்தக் கரைசல், படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ, கடைசியாக ஓடும் தண்ணீர்.

சிக்கல் வெப்பத்தில்தான். கறுப்பு-வெள்ளைக்கான கால அட்டவணைகள் 20 டிகிரி செல்சியஸை வைத்து எழுதப்பட்டவை. சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சி மாடித் தொட்டியின் தண்ணீர் அதைவிட வெகுதூரம் மேலே இருக்கும். வண்ணச் சுருளின் சி-41 முறைக்கோ 37.8 டிகிரி வேண்டும். குளிர்நாட்டில் சூடாக்கத் திண்டாட வேண்டிய வண்ணம் இங்கே எளிது, எளிது எனப்படும் கறுப்பு-வெள்ளைக்குத்தான் ஐஸ் வேண்டும். கரைசல் பாட்டில்களை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்தி, வெப்பமானியால் பார்த்துப் பார்த்து இறக்கலாம். 24 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் கழுவும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கழுவல் திட்டுத்திட்டாகும். டெவலப்பரை இன்னும் நீர்க்கச் செய்து நேரத்தை நீட்டலாம்.

காய்ந்த நெகட்டிவை ஆறு ஆறு சட்டமாக வெட்டி, உறையில் தேதியும் இடமும் எழுதிவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை படியும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் அதற்குப் போதும்.