ஃபாஸ்டேக்குக்குள்ள ஒரு உளவுக் கதை

இடையஞ்சாவடிக்குப் பக்கத்துல, திண்டிவனம்–புதுச்சேரி ரோட்டுல மொரட்டாண்டி டோல்கேட் இருக்கு. அங்கே நம்ம கார் கண்ணாடியில் ரீடர் தேடுற ஃபாஸ்டேக்குல பேட்டரியே கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையில்தான் அதன் சிப் உயிர் பெறுது. அதே அலையைப் பிரதிபலித்துத் தன் எண்ணைச் சொல்லுது.

யோசனை பழசு. 1945ல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு சோவியத் சிறுவர்கள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பரிசளித்தாங்க. உள்ளே லெவ் தெரெமின் வடிவமைத்த, பேட்டரி இல்லாத ஒட்டுக்கேட்புக் கருவி! 1952ல்தான் சிக்கியது. இதற்கிடையே 1948ல் ஹாரி ஸ்டாக்மேன், பிரதிபலிக்கும் அலையிலேயே தகவல் அனுப்பலாம்னு கட்டுரை எழுதினார்.

எனக்குப் பிடிச்ச இடம் ஆன்டெனா. 2005ல் இந்தியா இதுக்கு 865–867 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது, அமெரிக்காவில் 902–928. சரக்கோடு கப்பலேறும் டேக் எங்கேயும் பேசணும்னா 860 முதல் 960 வரை வேலை செய்யும் அகலப்பட்டை ஆன்டெனா வேணும். அரை அலைநீளமே சுமார் 17 செ.மீ.; அதைப் பாம்பு மாதிரி மடிச்சு, சிப்போடு பொருந்த நடுவில் ஒரு வளையம் வைக்கிறாங்க.

உள்ளூருக்கு இவ்வளவு அகலம் எதுக்கு? ஒட்டுற பொருளே ஆன்டெனாவின் அலைவரிசையை நகர்த்தும். கண்ணாடி கொஞ்சம் நகர்த்தும். மரக்காணத்து ஈர உப்பு மூட்டையோ அலையையே விழுங்கும். அங்கே அகலப்பட்டையும் ஓரளவுக்குத்தான்.

2025ல் டேக் இல்லாமல் ரொக்கம் கொடுத்தா இரு மடங்கு வாங்கினாங்க. ஆனா 2018 விதியை நான் எல்லாருக்கும் சொல்வேன்: டேக் சரியா இருந்து, பணமும் இருந்து, டோல்கேட் கருவிக் கோளாறால் படிக்கலைன்னா கட்டணமே இல்லை. பூஜ்ய ரசீதைக் கேட்டு வாங்குங்க.