கிரிவலப் பாதை சுண்டலிலும் டீயிலும் இருக்கும் மாங்கனீஸ்... மாத்திரை தேவையா?

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள், வழியில் ஒரு டீ குடிப்பார்கள், சுண்டல் சாப்பிடுவார்கள். இரண்டிலுமே மாங்கனீஸ் என்ற சத்து இருக்கிறது. 'தசைப்பிடிப்புக்குக் கொடுப்பாங்களே, அதுவா?' என்று கேட்டால், இல்லை. அது மக்னீசியம். பெயர்தான் நெருக்கம், இரண்டும் வேறு வேறு!

அது என்ன மாங்கனீஸ்?

அணு எண் 25. பார்க்க இரும்பு மாதிரியே இருக்கும். ஆனால், தட்டினால் நொறுங்கிவிடும். 1774-ல் ஸ்வீடனின் யோஹான் காட்லீப் கான் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் சுரங்கங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. வெட்டியெடுப்பதில் பெரும்பங்கு எஃகு தயாரிக்கவே போகிறது. டார்ச் பேட்டரிக்குள் இருக்கும் கறுப்புப் பொடியிலும் இது உண்டு.

உடம்புக்கு எதற்கு?

எலும்பு வளர்ச்சிக்கும், மாவுச்சத்தைப் பயன்படுத்தும் என்சைம்களுக்கும் இது வேண்டும். ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 2.3 மில்லிகிராம், பெண்களுக்கு 1.8 மில்லிகிராம் போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை.

எதில் எவ்வளவு? (சுமாராக)

* வேகவைத்த கைக்குத்தல் அரிசிச் சாதம், அரை கப்: 1.1 மி.கி
* வேகவைத்த கொண்டைக்கடலை, அரை கப்: 0.9 மி.கி
* அன்னாசி, அரை கப்: 0.8 மி.கி
* டீ, ஒரு கப்: 0.5 மி.கி

'அப்போ டீயையே கூட ரெண்டு குடிக்கலாமே' என்று கிளம்பிவிடாதீர்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால், இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்.

தானியங்களின் மாங்கனீஸில் பெரும்பகுதி தவிட்டில் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று பாலிஷ் செய்தால், தவிட்டோடு அதுவும் போய்விடும். திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாதுமலையில் விளையும் சாமைக்கும் இது பொருந்தும். வாங்கும்போது, பழுப்பு நிறம் மாறாத, அதிகம் தீட்டாத சாமையாகப் பார்த்து வாங்குங்கள்.

அதிகமானால் ஆபத்தா?

சாதாரணச் சாப்பாட்டால் அதிகமாவது அரிது. மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றிவிடும். அதனால், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கவனம் தேவை. சுரங்கத்திலும் வெல்டிங் பட்டறையிலும் தூசியாகவும் புகையாகவும் வருடக்கணக்கில் சுவாசித்தால், மூளை பாதித்து கை நடுக்கம், நடையில் தடுமாற்றம் வரலாம். வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்குக் காற்றோட்டமும் தகுந்த முகக்கவசமும் கட்டாயம்.

மற்றவர்களுக்கு? சுண்டல், கீரை, தீட்டாத தானியம் போதும். டாக்டர் சொல்லாமல் மாங்கனீஸ் மாத்திரை வேண்டாமே!