நின்னு பார்த்தா தப்பா? 28 வருஷம் கழிச்சு இங்கிலாந்து ரசிகர்கள் வாங்கிய 'கம்பி'

சீசன் நேரத்துல குற்றாலம் பேரருவிக்குப் போயிருக்கீங்களா? எண்ணெய் தேய்ச்ச உடம்போட வரிசையில நகர்ந்து நகர்ந்து, ஒருவழியா தண்ணிக்கு அடியில போய் நின்னதும் கை தானா எதைத் தேடும்? கம்பியைத்தான். பின்னாடி இருந்து 'அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கோங்க'ன்னு குரல் வரும், போலீஸ் விசில் அடிக்கும், தலைமேல தண்ணி இடி மாதிரி விழும். ஆனா கம்பி கையில இருக்குற வரைக்கும் பயமில்லை. அந்த இடத்துல 'எல்லாரும் சேர்ல உட்கார்ந்துதான் குளிக்கணும், அதுதான் பாதுகாப்பு'ன்னு ஒரு உத்தரவு போட்டா எப்படி இருக்கும்?

கிட்டத்தட்ட அப்படி ஒரு உத்தரவுதான் 1994-ல இங்கிலாந்து கால்பந்து ரசிகர்களுக்கு வந்துச்சு. முதல் இரண்டு டிவிஷன்ல ஆடுற கிளப்கள் எல்லாம் ஸ்டேடியம் முழுக்க சீட் போட்டாகணும். நின்னு பார்க்க இடமே கிடையாது. அதை மாத்தி, பாதுகாப்பா நின்னு பார்க்கிற 'சேஃப் ஸ்டாண்டிங்' உரிமையை வாங்க ரசிகர்களுக்கு 28 வருஷம் ஆச்சு.

அந்த உத்தரவு சும்மா வரலை. அதுக்குப் பின்னாடி 97 உயிர் இருக்கு.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரத்துல இருக்குற ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும். லிவர்பூல் ரசிகர்களுக்குக் கொடுத்தது நின்னு பார்க்கிற படிக்கட்டு கேலரி. அதைக் கம்பிவேலி போட்டுத் தனித்தனிக் கூண்டா பிரிச்சு வெச்சிருந்தாங்க. முன்னாடியும் உயரமான வேலி. ரசிகர் யாரும் மைதானத்துக்குள்ள குதிச்சிடக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு.

ஆட்டம் தொடங்குற நேரத்துல வெளியில நெரிசல் முத்திப்போச்சு. அதைக் குறைக்க, வெளியேறும் கேட் ஒண்ணைத் திறக்கச் சொல்லி போலீஸ் உத்தரவு போட்டுச்சு. உள்ளே வந்தவங்களுக்கு நேரா தெரிஞ்சது ஒரு சுரங்கப்பாதை. அது போய்ச் சேர்ந்தது, ஏற்கெனவே நிரம்பி வழிஞ்ச நடுக் கூண்டுகளுக்கு. பக்கத்துக் கூண்டுகள்ல இடம் இருந்துச்சு. 'அந்தப் பக்கம் போங்க'ன்னு வழிகாட்டத்தான் ஆள் இல்லை. ஆட்டத்தை 6 நிமிஷத்துல நிறுத்தினாங்க. அதுக்குள்ள வேலியோடு வேலியா நசுங்கி மூச்சு முட்டிப்போயிருந்தாங்க. 94 பேர் அன்னிக்கே இறந்துட்டாங்க. 97-வது நபர், அன்னிக்குப் பட்ட காயங்களோட 32 வருஷம் வாழ்ந்து 2021-ல இறந்தார்.

இதுல கொடுமை, பழி ரசிகர்கள் மேலேயே விழுந்தது. 'ரசிகர்கள்தான் கேட்டை உடைச்சாங்க'ன்னு அன்னிக்கே பொய் சொன்ன போலீஸ் அதிகாரி, அது பொய்னு ஒத்துக்கிட்டது 2015-ல. அடுத்த வருஷம், 2016 ஏப்ரல்ல, இறந்தவங்க சட்டவிரோதமா கொல்லப்பட்டாங்க, ரசிகர்கள் மேல தப்பே இல்லைன்னு ஜூரி தீர்ப்பு சொல்லிச்சு. 27 வருஷம்! அதுவரைக்கும் அந்தக் குடும்பங்கள் கோர்ட்டு, கமிஷன்னு அலைஞ்சிருக்காங்க.

விபத்தை விசாரிச்ச நீதிபதி டெய்லர், முக்கியக் காரணம் போலீஸ் கூட்டத்தைக் கையாண்ட விதம்தான்னு தெளிவா எழுதினார். நின்னு பார்க்கிறது தன்னளவுல ஆபத்தானது இல்லைன்னும் சொன்னார். இருந்தும், 1990 ஜனவரியில வந்த இறுதி அறிக்கையில, எல்லாருக்கும் சீட் போடறதுதான் நல்லதுன்னு பரிந்துரை செஞ்சார். அரசாங்கம் அதைப் பிடிச்சுக்கிட்டது.

சரி, சீட் போட்டாச்சு. ரசிகர்கள் உட்கார்ந்தாங்களா? அதான் இல்லை! கோல் கம்பத்துக்குப் பின்னாடி இருக்குற கேலரியிலயும், வெளியூர் ரசிகர்கள் பகுதியிலயும் ஆயிரக்கணக்கான பேர் சீட்டுக்கு முன்னாடி 90 நிமிஷமும் நின்னுக்கிட்டேதான் இருந்தாங்க. கோல் விழுந்தா குதிப்பாங்க. முன்வரிசை சீட்டோட முதுகு முழங்கால் உயரம்தானே? தடுக்கி, முன்னாடி நிக்குறவர் முதுகுல போய் விழுவாங்க. பாதுகாப்புக்காகப் போட்ட சீட்டே காலை வாரிவிடுற சாமானா மாறிப்போச்சு.

இதுக்குத் தீர்வு ஜெர்மனியில இருந்துச்சு. 'ரயில் சீட்'. உடனே பொதிகை எக்ஸ்பிரஸ் ஞாபகம் வந்தா நாங்க பொறுப்பில்லை, இந்த ரயில்னா கம்பி. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பு உயரத்துல ஒரு இரும்புக் கம்பி, அதோட மடக்கிப் பூட்டுற சீட். தேவைப்பட்டா விரிச்சு உட்காரலாம், மடக்கிட்டா நிக்கலாம். பின்னாடி இருந்து தள்ளினாலும் கம்பி தாங்கிக்கும். ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தான். அதனால பழைய கூண்டு மாதிரி கூட்டம் அடைய வாய்ப்பே இல்லை. டார்ட்முண்டு ஸ்டேடியத்தோட தெற்கு கேலரியில சுமார் 25,000 பேர் நின்னு பார்க்கிறாங்க. சீட் டிக்கெட்டைவிட விலையும் ரொம்பக் கம்மி.

இங்கிலாந்து ரசிகர் சங்கங்கள் இதைக் கையில எடுத்தாங்க. போராட்டம்னா ரோடு மறியல் இல்லை. ஒரு ரசிகர் ரயில் சீட் மாதிரியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போனார். கிளப் நிர்வாகிகள், எம்.பி.க்கள்னு கூப்பிட்டு, 'நீங்களே நின்னு பாருங்க'ன்னு காட்டினார். அதுக்குப் பேரே 'சேஃப் ஸ்டாண்டிங் ரோடுஷோ'. பேனரைவிட இந்தக் கம்பி அதிகமா பேசிச்சுன்னு தோணுது.

2016-ல ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப், சுமார் 3,000 பேருக்கு ரயில் சீட் போட்டது. இங்கிலாந்தோட தடை ஸ்காட்லாந்துக்குச் செல்லாது என்பதால அங்கே சிக்கல் இல்லை. 2018 ஏப்ரல்ல வெஸ்ட் பிராம் கிளப் அதே மாதிரி அனுமதி கேட்டப்போ, விளையாட்டு அமைச்சர் டிரேசி க்ரவுச் மறுத்துட்டார். அங்கேதான் ரசிகர்கள் சூடானாங்க. நாடாளுமன்ற ஆன்லைன் மனுவுல 1 லட்சத்துக்கும் மேல கையெழுத்து விழுந்துச்சு. அந்த எண்ணிக்கையைத் தாண்டினா விவாதத்துக்குப் பரிசீலிக்கணும்ங்கிறது அங்கே விதி. ஜூன் 25-ல எம்.பி.க்கள் விவாதிச்சாங்க. 2019 தேர்தல்ல ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியே சேஃப் ஸ்டாண்டிங்கை வாக்குறுதியா கொடுத்துச்சு.

இதுல ரொம்பக் கஷ்டமான உரையாடல் நடந்தது லிவர்பூல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள்கிட்ட போய் 'நாங்க மறுபடியும் நிக்கணும்'னு எப்படிச் சொல்றது? பல குடும்பங்கள் கடைசி வரைக்கும் ஏத்துக்கலை. அதுல ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது. அந்த ஊர் ரசிகர் சங்கமான 'ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி', அவசரப்படாம கூட்டம் போட்டுப் பேசி, 2017-ல வாக்கெடுப்பு நடத்துச்சு. 88 சதவிகிதம் பேர் ஆதரிச்சாங்க. 2021-ல லிவர்பூலோட சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுலயே ரயில் சீட் வந்துச்சு.

2022 ஜனவரி 2. செல்சீ - லிவர்பூல் ஆட்டம், 2-2 டிரா. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, பிரீமியர் லீக்ல ரசிகர்கள் சட்டப்படி நின்னு பார்த்த முதல் ஆட்டம் அதுதான். 5 கிளப்கள்ல சோதிச்சுப் பார்த்தாங்க. கோல் கொண்டாட்டத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறது குறைஞ்சிருக்குன்னு ஆய்வு சொல்லிச்சு. அதே வருஷம் அடுத்த சீசன்ல இருந்து, விதிகளைப் பூர்த்தி செய்ற எந்த கிளப்பும் போட்டுக்கலாம்னு அனுமதி கிடைச்சது. ஆளுக்கு ஒரு சீட், கேமரா கண்காணிப்பு, பயிற்சி பெற்ற ஊழியர்கள், பின்னாடி வீல்சேர்ல இருக்குறவங்க பார்வையை மறைக்கக் கூடாது. இதெல்லாம்தான் அந்த விதிகள்.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். உள்ளே சீட் இருந்துச்சு. 11 பேர் இறந்தது வெளியில, கேட்டு வாசல்கள்ல. அதே வருஷம் செப்டம்பர் 27, கரூர் அரசியல் கூட்டத்துல 41 பேர். ஹில்ஸ்பரோ கதையைப் படிச்சிட்டு இதைப் பார்த்தா, உட்கார்ந்தாங்களா நின்னாங்களாங்கிற கேள்வியே சின்னதா தெரியுது. எத்தனை பேரை விடுறோம், எந்த வழியா விடுறோம், எப்போ நிறுத்துறோம்? பேரருவியில வளைவைத் தாண்டித் தண்ணி விழுந்தா குளிக்கத் தடை போடுறாங்களே, கூட்டத்துக்கு அப்படி ஒரு வளைவு எங்கே இருக்கு?

ஜல்லிக்கட்டுக்கு இரட்டைத் தடுப்பு, கேலரிக்குப் பொதுப்பணித்துறை சான்றுன்னு நாமளும் விதி வெச்சிருக்கோம். கால்பந்துக்கு இன்னும் யாரும் கேட்கலை. சென்னை நேரு ஸ்டேடியத்துல ஐ.எஸ்.எல் ஆட்டம் பார்த்திருந்தா தெரியும். கொட்டடிச்சுப் பாடுற கேலரியில யாரும் உட்கார்றதில்லை. எல்லாரும் நிக்கிறது பிளாஸ்டிக் சீட்டுக்கு முன்னாடிதான், அந்த சீட்டோட முதுகும் முழங்கால் உயரம்தான்.