மவுண்ட்–பூந்தமல்லி ரோடும் பேசாத கடவுளும்

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளம் நிறைய வாக்குத்தத்த அட்டைகள் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்கிற வார்த்தை. 2018-ன் கடைசி ராத்திரியில் அம்மா எடுத்த அட்டையில் சுகம் தருவேன் என்கிற பொருளில் ஒரு வசனம் இருந்தது. அப்பாவுக்கு அப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். "பாத்தியாடா, பேசிட்டாரு."

2019 ஜூலையில் அப்பா இறந்துபோனார்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். பூந்தமல்லியில் இருந்து சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ் 50-லும் போய் வந்தவர். கடைசி இரண்டு மாதம் வீட்டில்தான் படுத்திருந்தார். கரண்ட் போகிற ராத்திரிகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே ஜெபம் பண்ணுவார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா பேசுவார், அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு சத்தமும் வராது. விசிறியின் சத்தம் மட்டும்.

அப்பா போன பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் யாராவது எழுந்து "கர்த்தர் என்கிட்ட பேசினார்" என்று சொன்னால் எரிச்சலாக இருந்தது. ஒருவருக்கு வீட்டு லோன் கிடைத்ததற்குப் பேசுகிற ஆண்டவர், எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை? இதைச் சபையில் கேட்க முடியாது. விசுவாசம் குறைவு என்பார்கள். நான் படித்தது சரித்திரம். அதனால் கேள்வியை அந்தப் பக்கம் கொண்டுபோனேன்: எனக்கு முன்னால் இந்த மௌனத்தோடு வாழ்ந்தவர்கள் யாராவது உண்டா?

தேடல் எங்கள் வீட்டு வாசலில் ஓடுகிற சாலையிலேயே தொடங்கியது. மவுண்ட்–பூந்தமல்லி ரோடு. காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், ராமாபுரம் தாண்டிப் பரங்கிமலைக்குப் போகிற சாலை. அதன் ஒரு முனையில் சந்தேகப்பட்ட தோமாவின் மலை. அவர் கி.பி. 72-ல் அங்கே கொல்லப்பட்டார் என்பது மரபு. போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் மலை உச்சியில் கோயில் கட்டினார்கள். 1547-ல் அங்கே மண்ணைத் தோண்டியபோது ஒரு கல் சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றி பஹ்லவி மொழியில், அதாவது இடைக்காலப் பாரசீகத்தில், ஒரு வரி செதுக்கியிருக்கிறது. 1870-களில் ஏ.சி. பர்னெல் அதைப் படித்துப் பொருள் சொன்னார். அவருக்குப் பின் வந்த அறிஞர்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள்.

அந்தச் சிலுவைக்கு இன்னொரு கதையும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, பூசை நடக்கும்போது அது அவ்வப்போது வியர்த்தது, ரத்தம் கசிந்தது என்று பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியாக அப்படி நடந்ததாகச் சொல்லப்படும் வருடம் 1704. பிறகு ஒன்றும் இல்லை. அது உண்மையாக நடந்ததா, ஈரக் காற்றில் கல் கசிந்ததா என்கிற விவாதத்துக்குள் நான் போகவில்லை. என்னை நிறுத்தியது வேறு ஒன்று. அடையாளம் நின்றுபோய் முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் மக்கள் படியேறுவதை நிறுத்தவில்லை. பெரியம்மா வீடு கத்தோலிக்கம். மூட்டு வலியோடு இப்போதும் ஏறுகிறார். "செலுவ வேர்க்குதா பெரியம்மா?" என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். "எனக்குத்தான்டா வேர்க்குது" என்றார்.

அடுத்து நான் வாசித்தது அன்னை தெரசாவின் கடிதங்கள். 2007-ல், அவர் இறந்து பத்து வருடம் கழித்து, பிரையன் கொலோடியேச்சுக் என்கிற பாதிரியார் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். நம்மில் பலர் தெரசாவைக் காலண்டர் படமாக மட்டும் பார்த்தவர்கள். அந்தக் கடிதங்களில் இருப்பவர் வேறு ஆள்.

1946 செப்டம்பர் 10. கல்கத்தாவில் இருந்து டார்ஜிலிங் போகிற ரயில். லொரேட்டோ சபையில் ஆசிரியையாக இருந்த தெரசாவுக்கு அப்போது வயது 36. ஏழைகளிடம் போ என்று இயேசு தன்னைக் கூப்பிட்டதாக அவர் உணர்ந்தார். அடுத்த சில மாதங்களும் அந்தக் குரல் அவரோடு பேசியது. அவர் கீழ்ப்படிந்தார். 1948-ல் மடத்தை விட்டு வெளியே வந்து சேரிக்குள் போனார். 1950-ல் அவருடைய சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1952-ல் காளிகாட்டில், காளி கோயிலை ஒட்டி யாத்ரீகர்கள் தங்கும் கட்டடத்தில், சாகக் கிடப்பவர்களுக்கு ஒரு வீடு திறந்தார்.

போ என்று சொன்ன குரல், அவர் போன பிறகு நின்றுவிட்டது.

1953-ல் பேராயர் பெரியேவுக்கு எழுதிய கடிதத்தில், தனக்குள் எல்லாமே செத்துப்போனது போன்ற இருட்டு இருக்கிறது, வேலை தொடங்கிய காலத்தில் இருந்தே இப்படித்தான் என்கிறார். 1958 அக்டோபரில் போப் பன்னிரண்டாம் பயஸ் இறந்தார். அவருக்கான பூசையில் ஓர் அடையாளம் கேட்டு தெரசா மன்றாடினார். இருட்டு விலகியது. சில வாரங்கள்தான். அப்புறம் திரும்பி வந்தது, போகவே இல்லை. 1979-ல் நோபல் பரிசு வாங்கிய வருடத்திலும் ஒரு பாதிரியாருக்கு எழுதுகிறார்: ஜெபிக்க உட்கார்ந்தால் வெறுமைதான், மௌனம்தான் என்று. 1997 செப்டம்பர் 5-ல் அவர் இறக்கும்போது சபையில் ஏறக்குறைய 4,000 சகோதரிகள், 123 நாடுகளில் வீடுகள். உள்ளே கிட்டத்தட்ட ஐம்பது வருட மௌனம்.

இந்தக் கடிதங்களை எரித்துவிடச் சொல்லித்தான் அவர் கேட்டிருந்தார். எரிக்கவில்லை. வெளிவந்ததும் இரண்டு பக்கமும் சத்தம் எழுந்தது. அவரை எப்போதும் விமர்சித்த கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ், அவர் நம்பிக்கை இழந்துவிட்டார் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். பக்தர்கள் இதையே புனிதத்தின் அடையாளம் என்றார்கள். எனக்கு இரண்டுமே அவசரமாகப் பட்டது. நம்பிக்கை போய்விட்ட ஒருவர் அதைக் கடவுளிடமே ஐம்பது வருடம் முறையிட்டுக்கொண்டிருப்பாரா? இன்னொரு பக்கம், ஒருவருடைய வலியைச் சட்டம் போட்டு மாட்டி "புனிதம்" என்று எழுதிவிட்டால் வலி தீர்ந்துவிடுமா?

அவருக்கு உதவியவர் பூனாவில் இறையியல் கற்பித்த ஜோசப் நாய்னர் என்கிற இயேசு சபைப் பாதிரியார். 1961-ல் தெரசா தன் நிலைமையை அவரிடம் எழுதிக் கொடுத்தார். நாய்னர் சமாதானம் சொல்லித் தட்டிக் கொடுக்கவில்லை. இதற்கு மனித வைத்தியம் இல்லை, இது உங்கள் தப்பும் இல்லை என்றார். கடவுளுக்காக இவ்வளவு ஏங்குவதே அவர் எங்கோ இருக்கிறார் என்பதற்கு அடையாளம் என்றார். யாருக்கும் வேண்டாதவர்களாகக் கிடக்கும் ஏழைகளின் நிலையை நீங்கள் உள்ளே அனுபவிக்கிறீர்கள், இதுவும் உங்கள் வேலையின் பகுதிதான் என்றார். அதன் பிறகும் குரல் கேட்கவில்லை. ஆனால் அந்த இருட்டோடு சண்டை போடுவதை தெரசா விட்டார்.

"இது உங்கள் தப்பு இல்லை." எங்கள் சபையில் யாராவது அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அட்டை பலிக்காததற்குக் காரணம் தன் ஜெபத்தில் ஏதோ குறை என்று அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பூந்தமல்லிக்காரன் என்பதால் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பிக்குச் சன்னதி உண்டு. ராமானுஜரின் காலத்தவர், 11-ஆம் நூற்றாண்டு. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசுவது அவருடைய கைங்கரியம். அவர் வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது வைணவ மரபு. தன் சந்தேகங்களுக்குப் பெருமாளிடம் பதில் வாங்கித் தரும்படி ராமானுஜரே இவரைத்தான் கேட்டார். கிடைத்த பதில்கள்தான் ஆறு வார்த்தை. கடவுள் பேசிய மனிதரின் ஊர் என் ஊர் என்பது அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த மரபில் ஒரு சின்னக் கதை இருக்கிறது. நம்பி ஒருநாள் தனக்கு மோட்சம் உண்டா என்று கேட்கிறார். பெருமாள் சொன்ன பதிலின் சாரம் இது: நீ வீசினாய், நான் பேசினேன், கணக்கு சரியாகிவிட்டது. மோட்சத்துக்கு ஓர் ஆசாரியரின் சம்பந்தம் வேண்டும் என்கிறார். வைணவர்கள் இதில் இருந்து எடுத்துக்கொள்கிற பாடம் ஆசாரியரின் அவசியம். வெளியாளான எனக்கு அந்தக் கணக்குதான் மனதில் நின்றது. பேச்சு என்பது வீசியதற்கான கூலி. கூலி கொடுத்தாயிற்று.

அப்படியென்றால் கூலி வராமலே வீசிக்கொண்டிருப்பவர்கள்? காளிகாட்டில் ஐம்பது வருடம் வீசியவர். எங்கள் வீட்டில், கரண்ட் இல்லாத ராத்திரிகளில் வீசியவர்.

தோமாவிடம் திரும்பி வருகிறேன். உயிர்த்தெழுந்த இயேசு முதலில் வந்தபோது தோமா அங்கே இல்லை. பார்த்தால்தான் நம்புவேன் என்றார். இந்தப் பிடிவாதத்தைத்தான் இரண்டாயிரம் வருடமாகப் பிரசங்கிக்கிறோம். யோவான் சுவிசேஷத்தில் அடுத்து வருகிற தகவலை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எட்டு நாள் கழித்துத்தான் இயேசு திரும்ப வந்தார், அப்போது தோமாவும் அவர்களோடு இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் பார்த்தோம், பார்த்தோம் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிற கூட்டத்தில், எதையும் பார்க்காத ஒருவர் எட்டு நாள் இருந்திருக்கிறார். எழுந்து போய்விடவில்லை. அவர்களும் வெளியே போ என்று சொல்லவில்லை. அவர் கடைசியில் என்ன பார்த்தார் என்பதைவிட அந்த எட்டு நாள்தான் இப்போது எனக்கு முக்கியமாக இருக்கிறது.

இதெல்லாம் அப்பா ஏன் இறந்தார் என்பதற்குப் பதில் இல்லை. பதில் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். எனக்குக் கிடைத்தது துணை மட்டும்தான். மௌனத்தில் உட்கார்ந்திருப்பது சபையை விட்டு விழுந்தவர்களின் இடம் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

போன டிசம்பர் 31-ம் போயிருந்தோம். தாம்பாளம் வந்தது. அம்மா ஒரு அட்டை எடுத்தார், படித்துப் பார்க்காமல் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே 2019-ன் அட்டையும் இருந்தது. ஏன் அதைத் தூக்கிப் போடவில்லை என்று வழியில் கேட்டேன்.

"அவரு சொன்னாரோ இல்லையோ, நான் கேட்டேன்ல. அது இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் அம்மா சீக்கிரமே எழுந்து கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு, பரண் மேல் கிடந்த விசிறியையும் எடுத்துவரச் சொன்னார். அங்கே இன்வெர்ட்டர் கிடையாதாம்.