கழுவும் நீரும் கழுவாத நஞ்சும்: வெள்ளவத்தைச் சமையலறை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

மரக்கறியைச் சமைக்குமுன் கழுவவேண்டும் என்பது விவாதத்துக்கு இடமற்ற விதியாகவே பெரும்பாலாராற் கொள்ளப்படுகின்றது. ஆயின் எதனைப் போக்குவதற்காகக் கழுவுகின்றோம் என வினவுமிடத்து, விடை காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளமை புலனாகும். மண்ணைப் போக்கவும், தீட்டைப் போக்கவும், கிருமியைப் போக்கவும், இறுதியாக நஞ்சைப் போக்கவும் மனிதர் கழுவி வந்துள்ளனர். செயல் ஒன்று, அதன் பொருளோ நான்கு. யாழ்ப்பாணக் கிராமத்தின் பழக்கங்களும், மாநகரின் குழாய்நீரும், மலைநாட்டின் மரக்கறியும் ஒருங்கு சந்தித்த இடம் கொழும்பின் வெள்ளவத்தை. ஆதலால் இம்மாற்றத்தை ஆராய்வதற்கு அது தக்கதொரு களமாகும்.

இருபதாம் நூற்றாண்டில் அரசாங்க உத்தியோகமும் வாணிபமும் கருதி வெள்ளவத்தையிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுட் பல யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவை. வற்றாத ஆறெதுவும் இல்லாத அந்நிலத்தில் வாழ்வு கிணற்றையே நம்பியிருந்தது. சுண்ணாம்புக் கற்பாறைகளிடையே தேங்கும் நீரைத் துலாவினால் இறைத்தே தோட்டம் செய்தனர். அங்கே கத்தரியும் கீரையும் பறித்த சில நாழிகையிலேயே அடுப்படிக்கு வந்துவிடும். அவற்றிற் படிந்திருந்தது பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரிந்த தோட்டத்தின் செம்மண்ணே. கழுவிய நீர் வாழையடிக்குச் சென்றது. அரிசி களைந்த கழுநீர் பசுவுக்குச் சென்றது. இந்நிலையிற் கழுவுதல் அச்சத்தின் விளைவன்று. உழைப்பின் ஒழுங்கைச் சேர்ந்ததொரு சிறு பணியே.

எனினும் இக்கிணற்றைச் சூழ்ந்து மற்றொரு கருத்தும் வளர்ந்திருந்தது. தூய்மை என்பது அழுக்கின்மையை மட்டும் குறிக்கவில்லை; எவர் தொட்டார், எவர் இறைத்தார் என்பதையும் குறித்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுக் கிணறுகளில் நீரள்ள முடியாது பிறர் இறைத்து ஊற்றும்வரை காத்துநின்ற நிலை குடாநாட்டு வரலாற்றின் மறுக்கவியலாத பகுதியாகும். தோட்டத்து மரக்கறியை விளைவித்த கைகளே அதனைக் கழுவும் நீரைத் தீட்டுப்படுத்தும் எனக் கருதப்பட்டமை எத்துணை முரண்பாடானது! 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் 1960களின் பிற்பகுதியில் ஆலயப் பிரவேசத்துக்காகவும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகவும் போராட்டங்கள் நிகழவேண்டியிருந்தன. தூய்மை பற்றிய எண்ணம் சமுதாய உறவுகளினின்றும் தனித்து நிற்பதன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இக்கருத்துக்கு எதிரான விஞ்ஞான நோக்கு உருப்பெறலாயிற்று. 1817 இல் வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கிய வாந்திபேதி விரைவில் இலங்கையையும் தாக்கியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்ததோடு உடற்கூறு, உடற்றொழில், உடல்நலம் பேணல் ஆகியவற்றைக் கூறும் நூலொன்றையும் தமிழில் வெளிவரச் செய்தார். 1854 இல் இலண்டனில் யோன் சினோ என்னும் மருத்துவர் வாந்திபேதிக்கும் ஒரு தெருக்குழாயின் நீருக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். 1884 இல் கல்கத்தாவில் ஆய்வு நடத்திய றொபேட் கொக், அந்நோய்க்குரிய கிருமியை உறுதிப்படுத்தினார். இவற்றின் விளைவாகக் கழுவுதலின் பொருள் தலைகீழாயிற்று. அதுவரை நீரே தூய்மை தருவதெனக் கொள்ளப்பட்டது. இப்போது நீரே நோயைத் தரக்கூடும் என அறியப்பட்டது. தெளிந்த நீரிற் கழுவிய கீரையும் நெருப்புக்காய்ச்சலைக் கொணரலாம். கண்ணுக்குத் தெரியும் தூய்மையும் உண்மையான தூய்மையும் வேறுவேறு என்பதே இக்காலத்தின் பெரும் பாடமாகும்.

கொழும்பில் இவ்வறிவு குழாய்களின் வடிவிற் புகுந்தது. 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் மாநகரசபை தோற்றம் பெற்றது. 1880களில் இலபுகம நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டு, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலிருந்து நகருக்கு நீர் வழங்கப்பட்டது. 1950களிற் களட்டுவாவ நீர்த்தேக்கமும், பின்னர் களனியாற்று நீரைச் சுத்திகரிக்கும் அம்பத்தளை நிலையமும் அதனுடன் சேர்ந்தன. ஐரோப்பியரின் பங்களாக்களில் இலைவகைகளைப் பொட்டாசியம் பரமங்கனேற்றுக் கரைசலில் ஊறவைக்கும் பழக்கம் இருந்தது. இந்தியாவில் வாந்திபேதியைத் தடுக்கக் கிணறுகளிலும் அதே பொருள் இடப்பட்டது. கிணற்றடியை விட்டு வந்தோருக்கு வெள்ளவத்தையிற் கிடைத்த புதுமை குழாயைத் திறந்தவுடன் ஓடும் நீர். தேங்கிய நீரினும் ஓடும் நீரே கழுவுதற்குச் சிறந்தது என இன்று சுகாதார அறிவு கூறுவதை அக்குழாய் இயல்பாகவே சாத்தியமாக்கிற்று.

மரக்கறியின் வகையும் மாறியது. 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் முதலான ஆங்கிலேயர் அங்கே ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட்டனர். 1885 இற் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. 1905 இல் வடக்குப் பாதை நிறைவெய்தி யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது. இவ்வாறு முருங்கைக்காயும் கரட்டும் ஒரே சந்தையிற் கூடின. 1990 இல் யுத்தத்தினால் வடக்குப் புகையிரதம் நின்றபோது வெள்ளவத்தைச் சமையலறை மலைநாட்டையே பெரிதும் நம்பவேண்டியதாயிற்று. 1999 இல் தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் தோன்றிய பின்னர், விளைவித்தவருக்கும் உண்பவருக்கும் இடையே கைகள் மேலும் பெருகின. தூரம் கூடக்கூடக் கழுவவேண்டிய காரணமும் கூடியது.

ஒவ்வொரு மரக்கறியும் தனக்குரிய முறையை வேண்டிநிற்கின்றது. லீக்சின் மடல்களிடையே மண் புகுந்திருப்பதால் அதனை நெடுக்காகப் பிளந்தே கழுவவேண்டும். கோவாவின் வெளிமடல்களை நீக்கவேண்டும். கரட்டையும் கிழங்கையும் தேய்த்துக் கழுவிய பின்னரே தோல் சீவவேண்டும். இல்லையேற் கத்தி வெளியழுக்கை உள்ளே கொண்டுசெல்லும். நறுக்கிய பின் நெடுநேரம் நீரில் இடின் நீரிற் கரையும் உயிர்ச்சத்துகள் வெளியேறும். ஆதலால் 'கழுவியபின் நறுக்கு' என்னும் பழைய அடுப்படி ஒழுங்கு விஞ்ஞானத்துக்கும் ஏற்புடையதே. வறையாகவோ கடையலாகவோ நன்கு வெந்த கீரையிற் கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். வல்லாரைச் சம்பலோ பச்சையாகவே உண்ணப்படுவது. கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் விளையும் இலைவகைகளை அசுத்தநீர் தொட்டிருக்கக்கூடும் ஆகையால், வேரை நீக்கிக் கொத்தைப் பிரித்து, இலையிலையாகப் பன்முறை அலசுதல் இன்றியமையாதது. உப்பும் வினாகிரியும் ஓரளவு துணைசெய்யலாம். சவர்க்காரம் ஆகாது, மரக்கறி அதனை உறிஞ்சிக்கொள்ளும்.

நான்காம் காலகட்டம் நஞ்சின் காலம். பசுமைப் புரட்சியை அடுத்துப் பீடைநாசினிகள் இலங்கை விவசாயத்திற் பெருகின. 1962 இல் அமெரிக்காவில் றேச்சல் கார்சன் எழுதிய நூல் உலகெங்கும் எச்சரிக்கையை எழுப்பிற்று. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 அளவில் மிகக் கொடிய வகைகள் பாவனையினின்றும் பெரும்பாலும் நீக்கப்பட்டன. நஞ்சருந்தி நிகழ்ந்த தற்கொலைகளே இதற்கு முதன்மையான காரணம். அதன் பின்னர் அம்மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. சமையலறையில் எவ்வளவு கழுவினும் காத்திருக்க முடியாத உயிர்களைச் சட்டம் காத்தது என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது.

கழுவுதலின் எல்லை இங்கேதான் வெளிப்படுகின்றது. மேற்பரப்பிற் படிந்த நஞ்சின் ஒரு பகுதியை ஓடும் நீர் அகற்றும். தாவரத்தின் சாற்றோடு கலந்து இலையெங்கும் பரவும் நஞ்சை எந்நீரும் அகற்றாது. மருந்தடித்தபின் அறுவடைக்குமுன் விடவேண்டிய நாட்களை விடாது பறித்த மரக்கறிக்கு இல்லத்தரசியின் கைத்திறன் பரிகாரமாகாது. மறுபுறத்தே, 2021 மே மாதம் இரசாயன உரங்களினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்தது. விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. பயிற்சியும் மாற்று வழியும் அளியாது ஒரே ஆணையால் நஞ்சை ஒழிக்க முற்படுதலும் தீர்வாகாது என அது உணர்த்திற்று.

கிணறும் இன்று பழைய கிணறாக இல்லை. இரசாயன உரமும் மலக்குழிகளின் கசிவும் சுண்ணாம்புக் கற்பாறையினூடே எளிதில் இறங்குவதால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியுள்ளது. எவர் தொட்டால் நீர் தீட்டாகும் என ஒரு காலத்திற் கணக்கிட்ட சமுதாயம், எதனை நிலத்திற் கொட்டினால் நீர் கெடும் என்பதைக் கணக்கிடத் தவறிவிட்டது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. மண்ணும் கிருமியும் வீட்டிற் கழுவிப் போக்கக்கூடியவை; அதற்கும் நல்ல நீரைப் பொதுநிறுவனம் வழங்கவேண்டும். நஞ்சோ தோட்டத்திலும் சந்தையிலும் சட்டத்திலும் தடுக்கப்படவேண்டியது. இருந்தும் நோயொன்று வந்துற்றால் 'சரியாகக் கழுவவில்லை' என்னும் பழி பெண்ணையே சாருகின்றது. நீர் வழங்கும் மாநகரமும், பயிர் விளைவிக்கும் முறையும், அதனை ஆளும் அரசும் அப்பழியினின்றும் தப்பிவிடுகின்றன. மரக்கறியைக் கழுவுதல் வேண்டும். ஓடும் நீரில், நறுக்குமுன், பொறுமையாகக் கழுவுதல் வேண்டும். அதனோடு, கழுவினாலும் போகாதது எங்கிருந்து வந்தது என்னும் வினாவையும் சமையலறைக்கு வெளியே உரத்துக் கேட்டல் வேண்டும்.